பதினாறுக்கு எட்டு

மத்தூர் கூட்ரோட்டில் ராத்திரி பத்தரைக்கு
பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்தார் சென்றாயன்.
பதினாறுக்கு எட்டு, விடியறதுக்குள்ள வேணும்.
மேலே தலைவர்கள். கீழே அவர்.
அவருக்குப் பக்கத்தில்,
எச்சில் விழுங்கிவிட்டுச் சொன்னார்,
திம்மராயன்.

ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள்.
போன தேர்தலில் திம்மராயன் நெற்றிக்கு மேல்
துரோகி என்று சிவப்பில் அடித்துக் கொடுத்தவள் நான்.
அந்த ஃபைல் இன்னும் இருக்கிறது.
முகத்தை அதிலிருந்துதான் வெட்டினேன்.
காதோரம் கொஞ்சம் சிவப்பு
எவ்வளவு துடைத்தும் கூடவே வந்தது.

பேருக்கு மேல என்னண்ணே போடட்டும்?
கூட்டணி?
அது மேலிடத்துக்கு. இங்க ஆளப் பாத்துப் போடணும்.
கூட்டாளி?
அய்யோ, அது ஸ்டேஷன்ல எழுதறது,
'மற்றும் அவரது கூட்டாளிகள் மூவர்'.
பங்காளி?
பாகம் கேப்பான். இப்பவே நாலு வார்டு கேக்கறான்.
சிநேகிதன்னு போட்டா
எம் பொண்டாட்டியே சிரிப்பா.

சகலை என்பதுதான் நிஜம்.
அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

சந்தூர் நர்சரியில் ஒரு சீசன் வேலை செய்தேன்.
இரண்டு தண்டையும் சரிவாகச் சீவி
காயத்தின் மேல் காயத்தை வைத்து
பிளாஸ்டிக் நாடா சுற்றுவோம்.
பிடித்தால் ஒட்டு.
ஒவுக்கு ஒரு சுழி போட்டால் ஓட்டு.
பிடிக்காத கன்றுகளை
யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

கடைசியில் தோழமை.
தோளமை என்றுதான் அவர் வாயில் வந்தது.
தோள் இருக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்,
திரையில் மட்டும் ழ போட்டேன்.
தோளோடு தோள் ஒட்டி வைத்தபோது
நடுவுல ஒரு சாண் விடும்மா, என்றார்.
நாளைக்கு வெட்டணும்னா
முகத்துல கத்திரி படக் கூடாது பாரு.

பில் யார் பேருக்குண்ணே?
தோளமைகிட்ட வாங்கிக்க.

காலையில் பைக்கை நிறுத்தாமலே
அண்ணாந்து பார்த்தார் திம்மராயன்.
வார்த்தையைப் படிக்கவில்லை.
காதுல என்ன சிவப்பு?
வெயில்ணே, என்றேன்.
பில்லை நீட்டினேன்.
தோளமைகிட்ட வாங்கிக்க, என்று
கியரைப் போட்டார்.

ஊத்தங்கரை பஸ் வந்து நின்றது.
கூட்ரோடெல்லாம் எறங்கு, என்றான் கண்டக்டர்.
ஒன்றாக இறங்கியவர்கள்
போச்சம்பள்ளிக்கும் கிருஷ்ணகிரிக்குமாகப்
பிரிந்து நின்றார்கள்.

நோட்டில் யார் பேரை எழுதுவது?
தோழமை, பாக்கி
ஆயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு.