ஐம்பத்திரண்டு

நேற்றிரவு செந்தூல் அடுக்ககத்தில்,
பன்னிரண்டாவது மாடி, லிஃப்ட் பழுது,
சாப்பாட்டு மேசையில் இயந்திரத்தைப் பொருத்தி
ஒரு மட்டைக்கு நரம்பு கட்டினேன்.
என்னுடையது இல்லை.
இன்று என்னை எதிர்த்து ஆடப்போகிறவளுடையது.
மட்டைக்கு முப்பத்தைந்து ரிங்கிட்.
எவ்வளவு இழுவை வேண்டும் என்பதைத்
தாய்லாந்துக்காரி விரலால் காட்டியிருந்தாள்:
ஐந்து, பிறகு இரண்டு.

"ரெண்டு பவுண்டு தளர்த்திவிட்டா யாருக்குத் தெரியும்?"
என்றான் அண்ணன்.
சிரிக்காமல் சொன்னான்.
இந்த வருஷத்து டிக்கெட் முழுக்க
அவன் கிரெடிட் கார்டில் நிற்கிறது.

சரியாக ஐம்பத்திரண்டு இழுத்தேன்.

கிள்ளானில் ஒரு கல்யாணப் பந்தியில்
"உலகத்துல எத்தனாவதும்மா?" என்றார் சித்தப்பா.
எண்ணூற்று அறுபத்து மூன்று.
"பரவால்லையே" என்று அப்பளத்தை உடைத்தார்.
அவரிடம் சொல்லவில்லை:
இந்தப் புள்ளிகள் சொந்தமில்லை சித்தப்பா, வாடகை.
ஐம்பத்திரண்டு வாரம்.
பிறகு ஒரு திங்கட்கிழமை காலை
சத்தமில்லாமல் கழன்றுபோகும்.
போன வருஷம் இதே வாரம்
நொந்தாபுரியில் எடுத்த ஒன்றை
இந்த வாரம் இங்கே திரும்ப எடுக்காவிட்டால்
நின்ற இடத்திலேயே நான் இறங்கிப்போவேன்.

தமிழ்ப்பள்ளியில், இரண்டாம் வகுப்பில்,
எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போய் மெய் மட்டும் நிற்கும் என்று படித்தோம்.
இங்கே தலைகீழ்.
புள்ளி போகும்போதுதான் உயிர் போகிறது.
மெய், முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு,
ஏதோ ஒரு விமான நிலையத்தின் தரையில்
பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறது.

துனீசியாவில் என் பெயரே மாறிவிட்டது.
கடப்பிதழில் 'இன்னாரின் மகள்' என்பதற்கு நிற்கும்
அந்த ஏ-யையும் பி-யையும்
குடும்பப் பெயரென்று எடுத்துக்கொண்டார் நடுவர்.
"கேம், மிஸ் ஆப்."
லோஷினியும் இல்லை, கருணாகரனும் இல்லை.
மகள் என்கிற ஒரு சொல் மட்டும்
வெயிலில் ஓடி ஓடிப் பந்தை எடுத்தது.

ஜாலான் டூத்தாவில் மழை
நாலு மணிக்கு வரும். இன்று மூன்றே முக்காலுக்கு வந்தது.
மூன்றாவது செட், ஐந்துக்கு நான்கு,
என் சர்வீஸ், முப்பது முப்பது.
தகரக் கூரையடியில் இருவரும் ஒரே பெஞ்சு.
அவளுக்குப் பதினேழு வயது.
காய்ந்த மாம்பழத் துண்டு ஒன்றை நீட்டினாள்.
மட்டையைக் காதருகே வைத்து
நரம்பைச் சுண்டிக் கேட்டாள்,
கட்டைவிரலை உயர்த்தினாள்.
எனக்கு மாம்பழம் இறங்கவில்லை.

தண்ணீரைத் தள்ளி முடிக்க இரண்டு மணி நேரம்.
விளக்கு போட்டார்கள்.
ஒரு சர்வீஸ், நாற்பது முப்பது.
அடுத்த ரேலியில் பதினோராவது பந்தோ பன்னிரண்டோ,
கடுகு வெடித்த மாதிரி ஒரு சின்னச் சத்தம்.
பந்து கோட்டைத் தாண்டி எங்கோ போனது.

வென்றுவிட்டேன்.
அவள் மட்டையைப் பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.
ஐம்பத்திரண்டு, சத்தியமாக ஐம்பத்திரண்டு,
அதைத் தாய் மொழியில் எப்படிச் சொல்வது?
வலையருகே கை கொடுத்தபோது
இரண்டு கையும் ஈரம்.

காரில் அண்ணன் ரேடியோவை அணைத்தான்.
"தளர்த்தினியா?"
"இல்லை."
செந்தூல் வரும்வரை வேறு பேச்சில்லை.
அவன் நம்பினானா என்று இன்னும் தெரியாது.

இரவு பத்து மணிக்குக் கீழே அவள்,
அறுந்த மட்டையோடு.
நாளை இரட்டையர் ஆட்டம் இருக்கிறதாம்.
ஐந்து விரல். பிறகு இரண்டு.
பன்னிரண்டு மாடி ஏறிப் பழைய நரம்பை வெட்டினேன்.

காசு வாங்கவில்லை என்று எழுத ஆசைதான்.
வாங்கினேன்.

அடுத்த சுற்றில் ஒரு மணி நேரத்தில் தோற்றேன்.
திங்கட்கிழமை காலை
அண்ணன் போனைத் தள்ளித் தள்ளித் தேடினான்.

எண்ணூற்று அறுபத்து மூன்று.