நான்காம் வேற்றுமை

புதுக்கடையில் மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை.
பெனி ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று
சுவரைத் தட்டினாள், உள்ளே ஆள் இருக்கா என்று.
நொத்தாரிசு பரீதா அம்மாவின் பால்தேத்தண்ணி
எங்களுக்காக ஆறி, ஆடை கட்டிக் கிடந்தது.

ஜெசிந்தா போய்ப் பதினோரு மாதம்.
அவள் விட்டுப்போனது சேமலாபக் காசும்
கொட்டாஞ்சேனையில் இரண்டு அறையும்.
"பிள்ளையின் பேரில் எழுதிவிடு" என்றார்கள்
செத்தவீட்டிலேயே, பிளேன்டீ கையில் இருக்க.

பேரில் எழுதினால் என்னவாகும் என்று எனக்குத் தெரியும்.
போன வருடம் செயலகத்திலிருந்து ஒரு தம்பி
கோப்போடு வந்தார்.
"இவவின்ட பேரில புத்தகம் ஏதும் இருக்கா?"
"இருக்கு!" என்று பெனி உள்ளே போய்
நிறந்தீட்டும் புத்தகத்தை எடுத்துவந்தாள்,
ஊதா யானை தெரியப் பிரித்து.
தம்பி சிரிக்கவில்லை. ஏதோ எழுதிக்கொண்டார்.
அடுத்த மாதம் கொடுப்பனவு வரவில்லை.
மூன்று தடவை அலைந்து, யானையைக் காட்டி, மீட்டேன்.

சின்னக் காசுதான்.
வலிப்புக் குளிசைக்கும் பம்பஸுக்கும் சரி.
ஆனால் அந்த இடாப்பில் பேர் இருப்பதால்தான்
பராமரிப்பு நிலையத்து வான்
காலையில் எங்கள் ஒழுங்கை முனையில் ஹோர்ன் அடிக்கிறது.
சொத்துக்காரி என்று பேரை வெட்டினால்
ஜெசிந்தாவின் வேர்வையை இரண்டு வருடத்தில் தின்று முடித்து
மறுபடி வரிசையின் வாலில் நிற்க வேண்டும்.
அப்போது கூட நிற்க நான் இருக்க மாட்டேன்.

மச்சான் பேரில் எழுதலாம். நல்லவன்.
நல்லவனுக்கும் கடன்காரர் உண்டு,
மருமகன் உண்டு, மாரடைப்பு உண்டு.

முப்பத்தாறு வருடம் பத்திரிகையில் ஒப்புநோக்கியவன் நான்.
மரண அறிவித்தல் பக்கம் என் பக்கம்.
சட்டம் புரியாது, வேற்றுமை புரியும்.
பரீதா அம்மா ஒரு மணித்தியாலம் விளக்கியதை
இப்படி வாங்கிக்கொண்டேன்:
அவளுடையது என்றால் ஆபத்து.
அவளுக்கு என்றால் போதும்.
ஆறாம் வேற்றுமையை அடித்துவிட்டு
நான்காவதைப் போடுவது.
கு.
ஒரே ஓர் எழுத்து.
பள்ளிக்கூடத்தில் அதற்குப் பொருள் சொல்லித் தந்தார்கள்:
கொடை என்று, பொருட்டு என்று.
பகை என்றும் ஒன்று இருந்தது.
அதை நினைக்க விரும்பவில்லை.

பொறுப்பாளர் இருவர். கோயில் கணக்குப் பார்க்கும் நெவில்,
மேல்மாடிச் சந்திரலதா.
சந்திரலதா தன் சிங்களத் தமிழில் கேட்டார்:
"காசு கையில குடுக்க ஏலுமா?"
கையில் வேண்டாம்.
சப்பாத்தாகக் கொடுங்கள், பல் வைத்தியமாகக் கொடுங்கள்,
மழை நாளில் ஓட்டோவாக.
"ஞாயிற்றுக்கிழமை இஸ்ஸோ வடை?" என்றேன் நான்.
காலிமுகத்திடலில், இரண்டு, உறைப்பு இல்லாமல்.
பரீதா அம்மா பேனையால் கன்னத்தைச் சொறிந்தார்.
"பொழுதுபோக்கு எண்டு போடுவம்."
"சாப்பாடு" என்றாள் பெனி.

கைச்சாத்திட முன் முழுவதும் வாசித்தேன். தொழில் விடாது.
ஏழாம் பந்தியில்
'நம்பிக்கைப் பொறுப்பளர்' என்று இருந்தது.
துணைக்காலைக் காணவில்லை.
சிவப்புப் பேனை கேட்டு வாங்கிப் போட்டேன்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்,
நிற்கிறதா என்று.

உறுதி என்றுதான் இந்த ஊரில் அதற்குப் பெயர்.
என் கை அப்படி இருக்கவில்லை.

"எனக்கா?" பெனி தாளைத் தடவினாள்.
உனக்கு.
"என்டயா?"
இல்லை.
முகம் சுருங்கிப்போனது.
முப்பத்தொரு வயது, இந்த ஒன்றில் ஏமாற்ற முடியாது அவளை.

படி இறங்கும்போது என் கையைப் பிடிக்கவில்லை.
இரண்டாம் மாடித் திருப்பத்தில் மட்டும் நின்று,
சுவரைத் தட்டி, காது வைத்துக் கேட்டுவிட்டு,
என்னையும் தட்டச் சொன்னாள்.