மூடிய வகை

இம்பி சாலைப் பக்கம், ஐந்தாவது மாடி.
மின்தூக்கி பழுது. ஏறிப் போனேன்.
மூச்சு வாங்கும்போது ஹெட்போன் போட்டுப் பார்க்கக் கூடாது என்று
ஒரு கோப்பை தண்ணீர் தந்தார் சீ கியோங்.
என்ன வேலை என்று கேட்டார்.
காதை வாடகைக்கு விடுகிற வேலை என்றேன்.

சைபர்ஜெயாவில் எட்டு மணி நேரம்.
ஒற்றைக் காதுப் பஞ்சு, உரிந்த ரப்பர்,
எனக்கு முந்தின ஷிப்ட்காரியின் வியர்வைச் சூடு.
அங்கே என் பெயர் ரேச்சல்.
தொலைந்த பெட்டிக்கும் தாமதமான விமானத்துக்கும்
ரேச்சலைத்தான் திட்டுவார்கள்.
நான் பக்கத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்வேன்.

திறந்த வகையை முதலில் நீட்டினார்.
மேடைபோல விரியும், காற்றாடும் என்றார்.
விரிந்தது, உண்மைதான்.
ஆனால் செந்தூல் அடுக்குமாடியில்
என் கட்டிலுக்கும் சுகிர்தாவின் கட்டிலுக்கும் நடுவே
ஒரு துணி அலமாரி மட்டும்.
அவள் இரவு வார்டு முடித்துப் பகலில் உறங்குகிறவள்.
என் கச்சேரி அவள் கனவுக்குள் கசியக் கூடாது.
மூடினது காட்டுங்க என்றேன்.

மூன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

முதலாவது மரக்கிண்ணம். தொட்டால் வழவழப்பு.
மிருதங்கத்தின் தொப்பி மட்டும்
விருந்துக்குப் போய்வந்த வயிறாய் உப்பிக்கொண்டது.
வலந்தலை எங்கேயோ வாசலில் நின்றது.

இரண்டாவது கறுப்பு.
பாடுகிறவளின் ஒவ்வொரு ஸகரமும்
காய்ந்த எண்ணெயில் விழுந்த கடுகு.
வயலின் வில்லில் எத்தனை மயிர் என்று எண்ணலாம்;
எண்ணிக்கொண்டே இருந்ததில்
என்ன ராகம் என்பதையே விட்டுவிட்டேன்.

மூன்றாவது கனம். கையில் தூக்கிப் பார்த்தேன்,
ஒரு சின்னப் பப்பாளி.
போட்டதும் முதலில் கேட்டது பாட்டில்லை,
நான் எச்சில் விழுங்கிய சத்தம்.
பிறகு கழுத்தில் எங்கோ ரத்தம் நடக்கிற சத்தம்.
பிறகுதான் தம்புரா,
அதுவும் பக்கத்து வீட்டில் மீட்டுவதுபோல் மெலிந்து.

கண்ணாடியைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினார்.
அதன் காம்போரம் நூலளவு சந்து;
கீழ்ச்சுருதி முழுக்க அந்த வழியாக ஒழுகியிருக்கிறது.
கழற்றினேன்.
சீ கியோங் மங்கலானார். விலைச்சீட்டு மங்கலானது.
தொப்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது.
ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே
பெருக்கித் துடைத்த தரைபோல
ஒன்றுமே இல்லாத இடம் ஒன்று இருந்தது.
அந்த இடத்துக்குத்தான் காசு என்று நினைக்கிறேன்.

மறுபடி கண்ணாடி போட்டபோது
மூவாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு வெள்ளி.
பல் கட்டுவதற்கென்று கூட்டு எடுத்த பணம்.
கடைவாயை நாக்கால் ஒருமுறை தடவிப் பார்த்தேன்.
இடப்பக்கமே மென்றுகொள்ளலாம்.

உத்தரவாத அட்டையில் பெயர் எழுதச் சொன்னார்.
பழக்கத்தில் கை ரேச்சல் என்று தொடங்கியது.
அடித்துவிட்டு,
கட்டத்தைத் தாண்டி வழிய வழிய எழுதினேன்:
கயல்மதி அனாக் பெரெம்புவான் சன்னாசி.

அன்று மாலை நாலு மணி.
சுகிர்தா சந்தைக்குப் போயிருந்தாள்.
கண்ணாடியைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு
சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் கண் திறந்தேன்.
மங்கலாக ஒரு முகம். வாய் அசைகிறது, ஒலியில்லை.
நிரவல் நடந்துகொண்டிருந்தது,
பாதியில் ஒரு காதை விலக்கினேன்.

"மழை கேக்கலையா ஒனக்கு?
ஜன்னலே ஆடுது!
வெள்ளைச் சட்ட மூணும் கம்பில தொங்குது,
ராத்திரி நான் எதப் போட்டுக்கிட்டுப் போறது?"

கேக்கல என்றேன்.
சொல்லும்போது வந்த சிரிப்பைக் கடித்துக்கொண்டேன்.
பிறகு மன்னிப்புக் கேட்டேன்.
ரேச்சல் நாளைக்கு நூறு முறை சொல்வதுதான்,
என் வாயில் அது திக்கித் திக்கி வந்தது.

ஏழு மணி வரை இஸ்திரிப் பெட்டி.
ஈரக் காலரில் இரும்பை வைக்கும்போதெல்லாம்
ஸ் என்று ஒரு நீண்ட ஸகரம்.
ஒரு கடுகுகூட வெடிக்கவில்லை.