தாயார் தொழில்

பதினோரு வருடம் பாயான் லெப்பாஸில்
நுண்ணோக்கிமேல் கவிழ்ந்து
சில்லுகளில் மயிரிழை விரிசல் தேடினேன்.
கழுத்து இன்னும் அங்கேயேதான் குனிந்திருக்கிறது.

நேற்று வயர்மேன் வகுப்புக்கு
முன்பணம் நானூறு வெள்ளி கட்டினேன்.
பதினெட்டுப் பையன்கள். நான் ஒருத்தி.
"கேண்டீனுக்கு வந்தீங்களா அக்கா?" என்றான் ஒருவன்.
கையிலிருந்த டெஸ்டரைக் காட்டினேன்.

ஜெலுத்தோங் அடுக்குமாடி, பத்தாவது தளம்.
சேமிப்பு ஐந்து மாதம் தாங்கும்;
லவனேஷின் சொத்தைப் பல் அதை நான்காக்கும்.
இவர் கணக்கை மறுபடி கூட்டுகிறார்,
கூட்டக் கூட்டக் கூடிவிடும் என்பதுபோல.

சின்னவள் யாஷிகா
என் பாடப்புத்தகத்தின் மின்சுற்றுகளில்
வட்டத்துக்கெல்லாம் கண்ணும் வாயும் வரைந்துவிட்டாள்.
நாளைய பாடத்தில் ஒரு மோட்டார் சிரிக்கிறது.

பள்ளிப் பாரத்தோடு வருகிறான் பெரியவன்:
"தாயார் தொழில்... என்னம்மா எழுத?"
பழையதை எழுதினால் பொய்.
புதியதை எழுதினாலும்
இன்றைக்குப் பொய்.

"பேனா வேணாம். பென்சில் எடுத்துட்டு வா."

அவன் தேடிக்கொண்டிருக்கும்போதே
பொட்டென்று வீடு இருண்டது.

மூன்று பேரும்
என் பக்கம் திரும்புவது
இருட்டில் கேட்கிறது.