சிவப்பு ஆண்டு

வெருலம். கரும்புக்கு அப்பால் யூகலிப்டஸ் பூத்திருக்கிறது.
மூன்றாவது பெட்டியில் ராணி அகப்பட்டாள்,
மற்றவர்களைப் போலவே பழுப்பு, கொஞ்சம் நீளம்.

மூன்றில் முடியும் ஆண்டுக்குச் சிவப்பு என்பது
தேன்காரர்கள் கணக்கு.
மருமகள் ஷாமினியின் நகப்பூச்சைத் திருடி வந்தேன்.
முதுகில் ஒரு சொட்டு.
ஊதினேன், காயட்டும் என்று.

தேனீக்குச் சிவப்பு கிடையாது.
ஊதாவுக்கு அப்பால், நமக்கு எட்டாத ஒன்றை
வேலியோரப் பூக்களில் படித்துக்கொண்டு வரும்;
இந்தச் சொட்டு அதற்கு வெறும் கருப்பு.

கருப்பா?
சிரித்துவிட்டேன், முகவலைக்குள்.
குழந்தை கன்னத்தில் வைப்போமே, அது.

அதுவும் வெளிச்சத்தில்தான்.
மூடியைச் சாத்தினால் உள்ளே எந்த நிறமும் இல்லை,
இருபதாயிரம் மகள்கள் மோந்தே அவளை அறிவார்கள்.

டிசம்பரில் அடை அறுக்க வருவேன்.
இந்தப் பெட்டிமேல் கண் வைத்தவள்
நான் ஒருத்திதான்.