எழுபத்தைந்து

நள்ளிரவு இரண்டு நாற்பது.
புக்கித் தீமா கால்வாய் நிரம்பிவிட்டதென்று
நானூற்றுப் பன்னிரண்டு கைப்பேசிகள் அலறின.
வானத்தில் பொட்டு மேகமில்லை.

விடிந்ததும் ஏணியோடு போனோம்.
உணர்கருவியின் வாயை மூடி
ஒரு சிலந்தி வலை பின்னியிருந்தது.
அதைத்தான் வெள்ளம் என்றிருக்கிறது கருவி.
பழைய பல்துலக்கியால் வழித்தெடுத்தாள் ரொஸ்னா.
கீழே, கணுக்கால் நனையாத நீரில்
ஓர் உடும்பு நிதானமாக நடந்துபோனது.

மிதிவண்டிக் கடை க்வெக்
இரவில் பொருத்திய தடுப்புப் பலகைகளைக்
கழற்றிக்கொண்டிருந்தார்.
"அடுத்த முறை தூங்கிவிடுவேன்" என்றார்.
குரலில் கோபமே இல்லை.
அதுதான் பயமாக இருந்தது.

அலுவலகத்தில் கேட்டார்கள்:
எச்சரிக்கையைத் தொண்ணூறு விழுக்காட்டுக்கு
ஏற்றிவிடலாமா? தொல்லை குறையுமே.
தொண்ணூறிலிருந்து கரை மீற நான்கு நிமிடம்.
எழுபத்தைந்திலிருந்து பதினொன்று.
க்வெக்குக்கு ஒன்பது வேண்டும்,
இடது தோள் உயராது அவருக்கு.
எழுபத்தைந்தைத் தொடவிடவில்லை நான்.

வியாழன், விடியுமுன்
சுமத்ராக் காற்று மழையை இழுத்து வருகிறது.
திரையில் அறுபத்தெட்டு.
எழுபத்தொன்று.
குறுஞ்செய்தி போகும்வரை பொறுக்காமல்
அவர் எண்ணை அழுத்துகிறேன்.
மணி அடிக்கிறது,
அடித்துக்கொண்டே இருக்கிறது.
எடுங்கள் க்வெக்,
இது சிலந்தி இல்லை.