இருபத்தேழு

ஊசி ஒடிந்தால் லைன் நிற்கும்.
ஒடிந்த துண்டுகளைப் பொறுக்கி
முனையோடு காதைப் பொருத்திப் பார்த்து
ரிஜிஸ்டரில் செலோ டேப் போட்டு ஒட்டிக்
கையெழுத்துப் போடுவது என் வேலை.
பெருமாநல்லூர் ரோட்டுக் கம்பெனியில்
பதினோரு வருசமாக
ஒரு துண்டுகூடத் தப்பவிட்டதில்லை.

கல்லுக்கு அந்த ரிஜிஸ்டரில் கட்டம் கிடையாது.

ரிஞ்சின் லாமு தவாங்கிலிருந்து வந்தவள்.
இடது மணிக்கட்டில் சந்திரகாந்தக் கல் சரம்,
இருபத்தேழு உருண்டை.
கேட்டில் நகைக்குத் தடை,
தாலிக்கும் சாமிக்கயிற்றுக்கும் மட்டும் விலக்கு.
இதையும் சாமிக்கயிறு என்று எழுதி
உள்ளே விட்டவள் நான்தான்.

டீ நேரத்தில் ஜன்னலோரம் நின்று
கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளுவாள்.
உதடு அசையும்.
எனக்குப் பிடிபட்டது ஒரே சொல்: மணி.
"நாலேகால்" என்றேன் முதல் நாள்.
சிரித்துத் தலையாட்டிவிட்டு
மறுபடியும் மணி என்றாள்.
"நாலு பதினாறு" என்றேன்.

மார்கழி, நைட் ஷிப்ட்.
ஆறு மாசக் குழந்தைக்கான சட்டை, வெள்ளை.
விடிந்தால் தூத்துக்குடிக்குக் கண்டெய்னர்.
நூல் ஸ்டாண்டில் சரம் மாட்டி
அறுந்தது.
சத்தமே இல்லை.
பஞ்சில் விழுகிற கல்லுக்கு ஏது சத்தம்.

நாற்பது பேர் முட்டி போட்டோம்.
ஒடிசாப் பையன் ஒருத்தன்
மொபைல் டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்தான்.
வெட்டுத்துணிக்கு நடுவே
கல் ஒவ்வொன்றும் நீலமாய்க் கண் விழித்தது.
என் உள்ளங்கையில் வாங்கி வாங்கிப் போட்டேன்,
வியர்வையோடு.

இருபத்தாறு.

மெட்டல் டிடெக்டருக்கு இரும்பு தெரியும்.
கல் தெரியாது.
ஒட்டி முடித்த பெட்டி நானூற்றுப் பத்து.
"எல்லாம் கெடச்சுதுங்களா?"
தெய்வசிகாமணி கேட்டது கேள்வி மாதிரி இல்லை.
வெளியே லாரிக்காரன் ரெண்டு தரம் ஹாரன் அடித்தான்.
கெடச்சுதுங்க என்றேன்.
மார்ஜினில் கோடு போட்டு, கல், 27 என்று எழுதினேன்.
கையெழுத்து அன்றைக்கு
அழகாகத்தான் விழுந்தது.

ரிஞ்சின் என் பேனாவையே பார்த்திருந்தாள்.
"அக்கா, பாப்பா எல்லாம்
எதுன்னாலும் வாயில வைக்கும்" என்றாள்.
அவ்வளவுதான்.
ஓவர்லாக் மறுபடி ஓடத் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காங்கேயம் பஸ் ஏறினேன்.
கல் கடைக்காரர் தட்டை நீட்டிவிட்டு
"யாருக்குங்க? என்ன ராசி?" என்றார்.
ராசிக்கு இல்லீங்க, எண்றதுக்கு.
"எண்றதுக்கா? ஒண்ணு போதுங்களா?"
மத்தது இருக்குதுங்க.
அவர் தராசை ஒதுக்கி வைத்துவிட்டு
துளை போட்டது ஒன்றைத் தேடி எடுத்தார்.
படியூர்ப் பக்கம் தோண்டியதாம்,
சோளக்காட்டுக்கு அடியில்.
வெளிச்சத்தில் பிடித்தேன்.
அவளுடையது பால்.
இது மோர்.

கம்பெனி நைலான் நூலிலேயே கோத்துக்கொண்டாள்.
நன்றி சொன்னாளா, நினைவில்லை.
டீ நேரத்தில் பார்க்கிறேன்:
விரல் வழக்கம்போல ஓடும்,
மோர்க் கல்லில் வந்து நிற்கும்.
மற்றதற்கு ஒரு மூச்சு என்றால்
அதற்கு மூன்று, நான்கு.
யாருக்காக என்று நான் கேட்கவில்லை.
பெட்டியில் ஊர் பேர் இருக்கும், ஸ்டைல் நம்பர் இருக்கும்.
பாப்பா பேர் இருக்காது.

தை மாசம் ஆடிட் வந்தது.
கண்ணாடிக்காரர் ரிஜிஸ்டரைப் புரட்டினார்.
அந்தப் பக்கத்தில் கொஞ்சம் நின்று
இது என்ன, கல்லா என்று கேட்டார்.
எல்லாம் கிடைத்துவிட்டது என்றேன், இரண்டாவது முறையாக.
வெரி குட் என்று டிக் போட்டார்.

என்னிடம் சரம் கிடையாது.
ராத்திரி பஸ்ஸில், நொய்யல் பாலம் தாண்டும்போது,
விரல் கணுக்களில் எண்ணிப் பார்க்கிறேன்.
இருபத்தாறு வரை வருகிறது.
பிறகு முதல் பெட்டியின் டேப்பைக் கிழித்து
சட்டை சட்டையாக
உதறத் தொடங்குகிறேன்.